ஏட்டிலிருந்து எழுத்தை மீட்ட தமிழ்த் தாத்தா



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று பேரவையில் கேட்டார்கள். கணினித் துறைக்காரன் எழுதுகிறான் என்றால் சார்லஸ் பாபேஜ் வருவார், இல்லையென்றால் ஆலன் டூரிங் வருவார் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் எழுதப் போவது தலைப்பாகை கட்டிய ஒரு தமிழ்ப் பண்டிதரைப் பற்றி. கம்ப்யூட்டரை அவர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. ஆனால் பேக்கப் இல்லாமல் அழிந்துபோன தகவலை எப்படி மீட்பது என்ற பாடத்தை, அந்தப் பாடத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே நடத்திக் காட்டியவர் அவர். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர். சுருக்கமாக உ.வே.சா.

முதலில் நம் துறைச் சங்கதியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இயந்திரவியல், கட்டடவியல் நண்பர்களுக்கும் விளங்க வேண்டுமல்லவா?

ஒரு கம்பெனியில் ரிப்போர்ட் சர்வர் என்று ஒரு இயந்திரம் இருக்கும். விற்பனை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று தினமும் அறிக்கை எடுத்துத் தருவது அதன் வேலை. ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் படுத்துவிடுகிறது. பேக்கப் எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறார்கள். இனி என்ன செய்வது? தெரிந்தவர்கள் முதலில் கையைக் கட்டிக்கொள்வார்கள். கெட்டுப்போன டிஸ்கில் ஒரு எழுத்து கூட எழுத மாட்டார்கள். அதை அப்படியே இன்னொரு டிஸ்கில் படியெடுத்துக்கொண்டு, படியின் மேல்தான் வேலை செய்வார்கள். அப்புறம் தேடல் ஆரம்பம். மூலத் தகவல் வேறு சர்வரில் பத்திரமாக இருக்கிறதா? அறிக்கையின் வடிவத்தை எழுதியவர் தம் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்திருக்கிறாரா? யாராவது பழைய அறிக்கையை அச்செடுத்து ஃபைலில் போட்டிருக்கிறார்களா? லாக் ஃபைல் என்கிற நடவடிக்கைக் குறிப்பேடு தப்பியதா? எங்கெங்கே சிதறிக் கிடக்கிறதோ அங்கெல்லாம் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

இது நம்ம பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. வெம்பாக்கத்திலிருந்து ஆரணி வரை தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்! தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகள் கோர்வையாகத் தொங்கும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. கரையில் ஓடும் மயிலும் மாங்காயும் அந்தத் துளைகளில்தான் இருக்கின்றன. அட்டைக் கோர்வையை எலி கடித்துவிட்டால்? அந்த டிசைனில் முன்பே நெய்த புடவை ஒன்று எங்காவது கிடைத்தால் போதும். பாவு எண்ணி, ஊடை எண்ணி, கட்டம் போட்ட தாளில் வரைந்து, மறுபடி அட்டை அடித்துவிடலாம். புடவையே அட்டைக்குச் சாட்சி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயரவர்கள் செய்ததும் பெரும்பாலும் இதுதான்.

1855 பிப்ரவரி 19-ல் பிறந்தவர் அவர். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் குடும்பத்து ஊர். தகப்பனார் சங்கீத வித்துவான், சொற்ப வருமானம். மகனும் சங்கீதம் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ தமிழின் மேல் பைத்தியம். சொல்லித் தர ஆள் கிடைக்கும் ஊருக்கெல்லாம் குடும்பமே இடம் பெயர்ந்தது. கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கொஞ்ச நாள் சங்கீதமும் நடந்தது, ஆசிரியருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

பிள்ளையவர்கள் வாயால் பாட்டைச் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஓலையில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே போவார். ஓலை எழுதுவதும் படிப்பதும் இவருக்குக் கைவந்தது அங்கேதான். அந்தக் கைப்பழக்கம் இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது என்பது என் எண்ணம். 1876 பிப்ரவரி 1-ல் பிள்ளையவர்கள் காலமானார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் இவரை ஆதரித்தார். 1880-ல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்று, தம் இடத்துக்கு இவரைச் சிபாரிசு செய்ய, கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 50 ரூபாய்.

வேலை கிடைத்தது, குடும்பம் நிமிர்ந்தது, இனி என்ன கவலை என்று இருந்திருக்கலாம். அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். ஐயர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, புராணம் எல்லாவற்றையும் நீளமாக அடுக்கினார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று விசாரித்தார்.

ஐயர் படித்ததில்லை. அவர் மட்டுமா? அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. எவ்வளவோ பெரிய வித்துவான்கள் இருந்த காலம் அது. ஆனால் அந்த நூல்கள் யார் கையிலும் இல்லை! சிந்தாமணியில் முதல் இலம்பகத்தை மட்டும் பௌவர் பாதிரியார் 1868-ல் அச்சிட்டிருந்தார். மற்றவை எங்கோ பரணில், மடத்துப் பெட்டியில், கரையானுக்கு உணவாக இருந்தன. சங்க நூல்களின் பெயர்கள் உரைகளில் வரும், அவ்வளவுதான். ஒரு மொழியின் மிகப் பழைய கவிதைகள் எல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஓலைக்கட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தன. அவையும் போனால் போனதுதான், உலகத்தில் வேறு எங்கும் கிடையாது.

முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் படியைக் கொடுத்தார். ஐயர் படிக்க உட்கார்ந்தார். நூல் சமண காவியம், இவர் சைவச் சூழலில் வளர்ந்தவர். சொல் தெரிகிறது, சங்கதி புரியவில்லை. கூச்சப்படாமல் கும்பகோணத்து ஜைனர் வீட்டுக்குப் போனார். அங்கே அன்றைக்குத்தான் சிந்தாமணி படித்து முடித்த விழாவாம், வாசலில் தோரணம்! வித்துவான்கள் மறந்துபோன நூலை ஒரு சமயத்தார் வீட்டில் வைத்து மாதக்கணக்கில் படித்துக் கொண்டாடியிருக்கிறார்கள். சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் இவருக்கு ஐயங்களைத் தீர்த்தார்கள். நம்ம ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பக்கத்து நயினார்களும் அதே தமிழ்ச் சமண மரபினர்தான். இந்த விஷயத்தில் அவர்களுக்குத் தமிழ் பட்ட கடன் பெரிது.

இனி வருவதுதான் டெக்னிக்கல் பகுதி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஓலைச்சுவடியில் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் குத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்கள். மெய்யெழுத்தா உயிர்மெய்யா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பு ஒன்றே. எரி என்று எழுதினால் அது தீயாகவும் இருக்கலாம், ஏரியாகவும் இருக்கலாம். கொடியா கோடியா என்பது படிப்பவன் பாடு. போதாக்குறைக்குக் காலும் ரகரமும் ஒரே மாதிரி. பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே ஆரம்பித்தது என்று இடைவெளியும் இருக்காது. பத்தி பிரிக்காமல், எண் போடாமல், ஒரே ஓட்டமாக ஓடும். ஃபார்மட் தெரியாத ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி.

பிரதி எடுத்தவர்களின் கோளாறு வேறு. ஒருவர் படிக்க இன்னொருவர் எழுதுவார், காதில் விழுந்தது தப்பானால் ஓலையிலும் தப்பு. ஒரு வரியைத் தாண்டிவிட்டால் அந்த வரி அந்தக் கிளையில் வரும் அத்தனை பிரதியிலும் இருக்காது. ஆகையால் பத்துப் பிரதி கிடைத்தது என்று மகிழ்ந்துவிட முடியாது. பத்தும் ஒரே தாய்ப் பிரதியிலிருந்து வந்திருந்தால் அவை பத்துச் சாட்சி அல்ல, ஒரே சாட்சி. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வழியில் வந்த பிரதி வேண்டும். அதற்காகத்தான் அவர் ஊர் ஊராக அலைந்தார். மாட்டு வண்டி, ரயில், நடை. விடுமுறை என்றால் அவருக்கு ஏடு தேடும் காலம்.

தேடிக் கண்டுபிடித்த ஏட்டைக் காகிதத்தில் படியெடுத்துக்கொள்வார். நண்பர்களும் மாணவர்களும் உட்கார்ந்து ஒருவர் ஒரு பிரதியைப் படிக்க, மற்றவர்கள் தத்தம் கையிலுள்ள பிரதியைப் பார்த்து வேறுபாடு சொல்வார்கள். வேறுபட்ட இடமெல்லாம் குறிக்கப்படும்.

எது சரி என்று தீர்மானிக்க அவருக்கு இருந்த கருவி யாப்பு. ஒரு அடிக்கு இத்தனை சீர், இரண்டாம் எழுத்தில் எதுகை, இந்த இடத்தில் மோனை என்று செய்யுளுக்குக் கணக்கு உண்டு. ஒரு சீர் குறைந்தால் ஓசை தட்டும், இங்கே ஏதோ விழுந்திருக்கிறது என்று காது சொல்லிவிடும். நாம் டேட்டா அனுப்பும்போது கடைசியில் கூட்டுத்தொகை வைத்துச் சரிபார்க்கிறோமே, அதுதான். அந்தாதி இன்னும் விசேஷம். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும், நடுவில் ஒரு ஓலை உருவப்பட்டால் சங்கிலி அறுந்தது கண்ணுக்குத் தெரியும். பதிற்றுப்பத்தின் நாலாம் பத்து அப்படி அமைந்ததுதான். நம் முன்னோர் பாட்டை மனப்பாடம் செய்யத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். பழுது கண்டுபிடிக்கவும் அது உதவியது.

இன்னொரு கருவி உரையாசிரியர்களின் மேற்கோள். நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு உரை எழுதும்போது ஏராளமான பழைய வரிகளை எடுத்துக்காட்டுவார், எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். ஐயருக்கு இது பெரிய தலைவலி. வரி இருக்கிறது, அது எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை! திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் புரட்டியபோது எட்டுத்தொகை நூல்கள் பல அடங்கிய கட்டு ஒன்று அகப்பட்டது. படிக்கப் படிக்க, நச்சினார்க்கினியர் காட்டிய வரிகள் ஒவ்வொன்றாக அங்கே தலைகாட்டின. சிந்தாமணியைப் புரிந்துகொள்ளத்தான் அவர் சங்க நூலுக்குள் நுழைந்தார், நுழைந்தவர் திரும்பவே இல்லை. எந்தச் சொல் எந்த நூலில் எங்கே வருகிறது, எந்த வரியை யார் மேற்கோள் காட்டினார் என்று தம் கைப்பட அகராதி போட்டு வைத்துக்கொண்டார். இன்றைக்கு நாம் டேட்டாபேஸுக்கு இண்டெக்ஸ் போடுகிறோம். அவர் நோட்டுப் புத்தகத்தில் போட்டார்.

சிந்தாமணி 1887-ல் வெளிவந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள், உரையோடு. அச்சுக்கூலிக்கு முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்ததும், கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் அலைந்து புரூஃப் பார்த்ததும் தனிக்கதை. இதே காலத்தில் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளையும் இந்தப் பணியில் இறங்கியிருந்தார், கலித்தொகையை அதே 1887-ல் பதிப்பித்தவர் அவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க எண்ணி ஐயரிடம் ஏடு கேட்டார். ஐயர் கொடுக்கவில்லை. இருவரில் ஒருவரைத் தூக்கி மற்றவரைத் தாழ்த்திப் பேசுவது இங்கே சிலருக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அதில் விருப்பமில்லை. வீடு தீப்பிடித்து எரியும்போது இரண்டு பேர் தண்ணீர் ஊற்றினார்கள், அவ்வளவுதான்.

தீ என்று சும்மா சொல்லவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் நிறைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஐயர் போனார். கேட்டால், பழைய குப்பையாகக் கிடந்தது, சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்றார்கள். கேட்டவர் மனம் எப்படி இருந்திருக்கும்! போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. சிதைந்த ஏட்டைத் தெருவில் எறியக் கூடாது என்ற மரியாதையில்தான் அக்கினிக்குக் கொடுத்தார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் அதே பக்தியில் விட்டார்கள். மதிக்கத் தெரிந்தது, படிக்கத் தெரியவில்லை.

பத்துப்பாட்டுக்கு அலைந்த அலைச்சல் இன்னும் அதிகம். ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீட்டில் ஏடு ஏடாகப் பிரித்துப் பார்த்துக் கிடைக்காமல் சோர்ந்திருக்க, அவருடைய உறவினர் வீட்டிலிருந்து வந்த கட்டில் பத்துப்பாட்டு இருந்தது. அதிலும் ஒரு சிக்கல். குறிஞ்சிப்பாட்டில் மலைப்பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்களின் பட்டியல் வருகிறது, 99 பூக்கள் என்று கணக்குச் சொல்வார்கள். இவருக்குக் கிடைத்த பிரதிகளில் நடுவே சில பூக்களைக் காணோம். பூவின் பெயர்தானே, தெரிந்த நாலு பூவைப் போட்டு ஓசையை நிரப்பிவிடலாமே? அவர் ஆசிரியரிடம் பயின்றவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரிந்திருக்கவும் முடியாது. அவர் செய்யவில்லை. தருமபுரம் மடத்து ஏடுகளுக்குள் புகுந்து தேடி, உதிர்ந்த பூக்களை அங்கே கண்டெடுத்தார். 1889-ல் பத்துப்பாட்டு வெளிவந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நம் டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு பழுதுபார்க்கும் கட்டளை உண்டு. படிக்க முடியாத பக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியை ஒட்டவைத்து, எல்லாம் சரி என்று காட்டும். சர்வர் ஓட ஆரம்பித்துவிடும், முதலாளியும் சந்தோஷப்படுவார். எது போயிற்று என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியும். ஐயரவர்கள் இந்தக் கட்டளையைத் தொடவே இல்லை. 1894-ல் புறநானூறு வெளிவந்தபோது, நானூறில் கிடைக்காத பாட்டுகளைக் கிடைக்கவில்லை என்றே விட்டார். சிதைந்த வரிகளுக்குப் புள்ளி வைத்துக் காட்டினார். ஐயமான இடங்களில் மாற்றுப் பாடத்தை அடிக்குறிப்பில் கொடுத்தார். பின்னால் வேறு ஏடு அகப்பட்டால் இடைவெளியை நிரப்ப வரும் ஆளுக்கு அந்தப் புள்ளிகள்தான் வழி காட்டும்.

சிலப்பதிகாரம் 1892, மணிமேகலை 1898. மணிமேகலைக்குப் பௌத்த மதம் தெரிய வேண்டுமே! காலேஜ் சகா ரங்காசாரியார் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துப் பௌத்தம் சொல்லிக் கொடுத்தார். ஐங்குறுநூறு 1903. அதே ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல், 1919 வரை அங்கே வேலை. பதிற்றுப்பத்து 1904. பெயரிலேயே பத்துப் பத்து என்று இருக்கிறது, முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. எட்டை வைத்துத்தான் பதிப்பித்தார். பரிபாடல் 1918. எழுபது பாட்டில் முழுசாகக் கிடைத்தது 22, பழைய உரைகளிலும் புறத்திரட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்த சில துண்டுகள் கூடுதல். பெருங்கதை 1924, தலையும் வாலும் இல்லாத காவியம். குறுந்தொகையை விரிவான உரையோடு அவர் வெளியிட்டபோது 1937, வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

மகாமகோபாத்தியாயர் பட்டம் 1906-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் 1932-ல். மரியாதைகளை எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்குச் சுவாரசியமில்லை. அவருக்கே கூட ஒரு குறை மனசில் இருந்தது. ஐம்பெருங்காப்பியத்தில் வளையாபதி என்று ஒன்று. இளம் வயதில் பிள்ளையவர்களோடு இருந்த நாளில், திருவாவடுதுறை மடத்தில் அந்த ஏட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்போது பழைய நூல்கள் மேல் கவனம் போகவில்லை. பிற்பாடு தெரிந்து தேடியபோது, அந்த மடத்திலும் இல்லை, வேறு எங்கும் இல்லை. உரைகளிலும் புறத்திரட்டிலும் தப்பிய எழுபது பாட்டளவுதான் வளையாபதி என்று இன்றைக்கு நம் கையில் இருப்பது. குண்டலகேசி அதைவிடக் குறைவு. புடவை துண்டு துண்டாகக் கிடைத்தது, முழு அட்டைக் கோர்வை திரும்ப வரவில்லை.

1942-ல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனார், அங்கேயே ஏப்ரல் 28-ஆம் தேதி காலமானார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏடுகளைக் காக்க, ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் மறு ஆண்டே அவர் பெயரில் நூல்நிலையம் ஏற்பட்டது. சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் எட்டிப் பாருங்கள்.

கடைசி இரண்டு வருஷமாக ஆனந்த விகடனில் என் சரித்திரம் என்ற தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிவந்தார். அது முடியவில்லை. மணிமேகலை வெளிவந்த காலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது, பிந்திய நாற்பது வருஷம் அதில் இல்லை. அந்தப் பகுதியை அவருடைய மாணவர் கி.வா. ஜகந்நாதன், தாம் கூட இருந்து கண்டதையும் கேட்டதையும் வைத்து, என் ஆசிரியப்பிரான் என்ற புத்தகமாக எழுதினார்.